மொண்ணை மூக்கு விமானம்

விமானத்தின் வால் பிரேக் மாஸ்டரின் கையில் இருந்தது. மீதி விமானம் சோபாவுக்கு அடியில் கிடந்தது. ஏணி மட்டும் எனக்கென்ன என்று சுவரில் சாய்ந்து நின்றது.

திரைச்சீலைக் கம்பியை மாட்டிவிட்டு ஏணியைத் தோளில் சுமந்தபடி திரும்பியதுதான் அவர் செய்த குற்றம். முன்பக்கத்தைப் பார்த்துக் கவனமாகத்தான் திரும்பினார். பின்பக்கம் போய், திறந்திருந்த அலமாரியைத் துடைத்தெடுத்துவிட்டது. அவருக்கு வேலை ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில். பின்னால் பார்க்காமல் ரிவர்ஸ் எடுக்காதே என்று பொழுதெல்லாம் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வாய். கற்றுக்கொள்பவர் பதறுவதற்குள் தன் பக்கத்து பிரேக்கை மிதித்துவிடுவார் என்பதால் வந்த பெயர்தான் பிரேக் மாஸ்டர். ஏணியில் அந்த இரண்டாவது பிரேக் இல்லை.

உடைந்தது அவருடைய பொருளாக இருந்தால் கூட்டி அள்ளிப் போட்டுவிட்டுப் போயிருப்பார். அது மாமனாருடையது. மாமனார் விமானப்படையில் பயிற்சி ஜெட்டின் பின் இருக்கையில் உட்கார்ந்து, முன் இருக்கைக்காரர்களுக்குப் பறக்கச் சொல்லிக்கொடுத்தவர். ஓய்வு பெற்ற அன்று நண்பர்கள் அந்த விமானத்தின் சின்ன மாடலை மரப்பீடத்தில் பொருத்திக் கொடுத்திருந்தார்கள். பீடத்தில் பித்தளைத் தகடு. தகட்டில் விமானத்தின் பெயர்.

விருந்தாளிகள் அதைச் சோபாவில் உட்கார்ந்துதான் பார்க்கலாம். மாமனார் குடைக் கம்பியை நீட்டி நீட்டி விளக்குவார். யாராவது எழுந்து கிட்டே போனால், மூச்சுக் காற்று படும் என்று விரட்டுவார். ஒருமுறை அவரோடு பறந்த பழைய நண்பர் தேடி வந்தபோது, வாசலிலேயே நாற்காலி போட்டு, வாசலிலேயே காபி கொடுத்து, வாசலிலேயே வழியனுப்பிவிட்டார். கூடப் பறந்தவரையே நம்பாத மனிதர் என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். மாமியாரோ அந்த அலமாரியைத் துடைப்பதுகூட இல்லை. கேட்டால், அந்தப் பக்கமே நான் போறதில்லப்பா என்பார்.

அப்பேர்ப்பட்ட மாமனாரும் மாமியாரும் மூத்த மகள் வீட்டுக்குப் போயிருந்த சமயத்தில்தான் இந்த விபத்து.

மனைவி வந்து பார்த்தாள். வாலைப் பார்த்தாள், வாலைப் பிடித்திருந்த கணவனைப் பார்த்தாள்.

"உடைஞ்சுபோச்சுன்னு அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க. முடிஞ்சுது."

"அந்த ஒரு வார்த்தை சொன்னா, இன்னொரு வார்த்தை போயிடும்" என்றார் பிரேக் மாஸ்டர்.

அவளுக்குப் புரிந்தது. கல்யாணமான நாளிலிருந்து மாமனார் அவரை மாப்பிள்ளை என்று கூப்பிட்டதே இல்லை. மகளிடம் பேசும்போது "உன் வீட்டுக்காரர்" என்பார். நேரில் பேச வேண்டி வந்தால் தொண்டையைக் கனைப்பார். வானத்தில் ஓட்டக் கற்றுக்கொடுத்தவருக்குத் தெருவில் ஓட்டக் கற்றுக்கொடுப்பவரைப் பெண்ணுக்குக் கட்டிவைத்ததில் நெடுநாள் சமாதானம் ஆகவில்லை. சமீபத்தில் கண் ஆஸ்பத்திரிக்குக் காரில் அழைத்துப்போனபோதுதான், ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியவர், "பிரேக் போட்டதே தெரியல, மாப்ள" என்றார். பிரேக் மாஸ்டர் அன்று முழுக்கத் தரையில் நடக்கவில்லை. கிடைக்காமல் கிடைத்த அந்தச் சொல் ஏணி முனையில் போய்விடக் கூடாது என்று பசைக் குழாயைத் தேடி எடுத்தார்.

முதலில் ஒட்டிப் பார்த்தார். வால் ஒட்டியது, ஆனால் ஒருபக்கமாகச் சாய்ந்து. நிமிர்த்தப் போனதில் உடம்பு இரண்டாகப் பிளந்தது. அதை ஒட்டியபோது பசையின் புகை படிந்து, விமானியின் தலைக்கு மேலிருந்த கண்ணாடி மூடி பால் நிறமாகிவிட்டது. இறக்கையோ விமானத்தை விட்டுவிட்டு அவர் கட்டைவிரலோடு ஒட்டிக்கொண்டது. அந்த நேரம் பார்த்து மாமனாரிடமிருந்து போன்.

"வீட்ல எல்லாம் சரியா இருக்கா, மாப்ள?"

"எல்லாம் அதது இடத்துல இருக்கு, மாமா" என்றார், கட்டைவிரலில் முளைத்திருந்த இறக்கையைப் பார்த்துக்கொண்டே.

மறுநாள் உடைசல்களை ஒரு டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு மாடல் கிட் விற்கும் கடைக்குப் போனார். கடைக்காரர் தகட்டில் இருந்த பெயரைக் கேட்டதும் முகம் மலர்ந்து இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். இரண்டும் அதே பயிற்சி ஜெட். ஒன்று பெரிய அளவு: காக்பிட்டுக்குள் குட்டி முள் மீட்டர்கள்கூட இருந்தன. இன்னொன்று சின்ன அளவு: பாகங்கள் குறைவு, புதிதாகச் செய்பவர்களுக்கு ஏற்றது. எது நல்லது என்று அவர் பெருமையாக விளக்கிக்கொண்டிருந்தபோது பிரேக் மாஸ்டர் டப்பாவைத் திறந்து ஒவ்வொரு துண்டாக எடுத்துப் பெட்டிப் படத்தின்மேல் வைத்துப் பார்த்தார்.

எதுவும் பொருந்தவில்லை. பெட்டியில் விமானத்தின் மூக்கு பென்சில் போலக் கூர்மை. டப்பாவில் இருந்தது மொண்ணை. பெட்டியில் பின் இருக்கை முன் இருக்கையைவிட ஒரு படி உயரம், சொல்லிக்கொடுப்பவருக்கும் ஓடுபாதை தெரிய வேண்டுமல்லவா. டப்பாவில் இரண்டும் ஒரே மட்டம். பின்னால் உட்கார்பவருக்கு முன்னவரின் பிடரியைத் தவிர வேறெதுவும் தெரியாது.

"சார், ரெண்டு பெட்டியும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகுது. உங்க டப்பாதான் இடிக்குது" என்றார் கடைக்காரர்.

"இதையே ஓட்டினவர் வீட்ல வச்சிருந்தது இது. பெட்டி போட்டவன் ஓட்டினானா?"

கடைக்காரர் பெட்டிப் படத்தை மறுபடி உற்றுப் பார்த்தார். பிரேக் மாஸ்டருக்கும் பின் இருக்கை விஷயம் லேசாக உறுத்தத்தான் செய்தது. வழி தெரியாத இடத்தில் உட்கார்ந்து எப்படிச் சொல்லிக்கொடுப்பது? ஆனால் மாமனார் தப்பாக இருக்கலாம் என்ற யோசனை அவர் மண்டைக்குள் நுழையக்கூட இடம் இல்லை. மாமாவுக்கு ஓடுபாதையைப் பார்க்க வேண்டியே இருந்திருக்காது என்று முடிவுகட்டினார்.

பெரிதாக இருந்தால் குறைத்துக்கொள்ளலாம், சின்னதை வளர்க்க முடியாது என்று பெரிய பெட்டியை வாங்கினார். இறக்கைகளைப் பூட்டிய பிறகுதான் அது அலமாரிக் கதவுக்குள் நுழையாது என்று தெரிந்தது. மறுபடி கடைக்குப் போய்ச் சின்னதை வாங்கினார். அது அளவாக உட்கார்ந்தது. அழகாகவும் வந்தது. மனைவிகூட, பழையதைவிட இதுதான் விமானம் மாதிரி இருக்கு என்றாள்.

அதுதான் பிரேக் மாஸ்டருக்குப் பயமாக இருந்தது. பழையது மாதிரி இல்லையே.

எனவே அறுக்க ஆரம்பித்தார். கூர்மூக்கை வெட்டி உப்புத்தாளால் தேய்த்தார். கொஞ்சம் அதிகமாகத் தேய்ந்துவிட்டதால் பட்டி பூசி வளர்த்தார். வளர்ந்தது கத்தரிக்காய் மாதிரி ஆகிவிட, மறுபடி தேய்த்தார். பின் இருக்கையை இறக்கியதும் அதில் இருந்த குட்டி விமானியின் கால்கள் தரையில் முட்டின. வேறு வழியில்லாமல் அவருடைய கால்களை முழங்காலோடு வெட்டி உட்கார வைத்தார். மாமனாரின் கால்களையே வெட்டுவதுபோல் அவருக்குக் கை கூசியது. மன்னிச்சுக்குங்க மாமா என்று வாய்விட்டுச் சொன்னதை மனைவி கேட்டுவிட்டாள்.

வெள்ளை நிறமும் ஒத்துவரவில்லை. பயிற்சிப் பள்ளிக் காருக்கு அடிக்கும் பெயிண்ட் கச்சிதமான அதே வெள்ளை என்று அதை அடித்தார். அந்த பெயிண்டைப் பிளாஸ்டிக் தாங்காமல் இறக்கை நுனி சூட்டில் பட்ட மெழுகாகச் சுருங்கியது. மூன்றாவது முறையாகக் கடைக்குப் போனபோது கடைக்காரர் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் கொடுக்கவில்லை.

"சார், இதையாவது பெட்டில இருக்கிற மாதிரியே செய்யுங்க. கெஞ்சிக் கேக்கறேன்."

செய்யவில்லை. மூக்கு போனது, கால்கள் போயின, வாலும் ஒரு விரலளவு தாழ்ந்தது. நல்லதொரு பயிற்சி ஜெட், டப்பாவில் கிடந்த உடைசலின் அச்சாக மாறியது. கடைசிப் பூச்சு வெள்ளையை அடித்து, பீடத்தில் பொருத்தி, தள்ளி நின்று பார்த்தார். அவருக்கே வித்தியாசம் தெரியவில்லை. நிம்மதியாக மூச்சு விட்டார்.

அந்த மூச்சு முடிவதற்குள் வாசலில் கார் வந்து நின்றது. நாளைக்கு வர வேண்டியவர்கள் இன்றைக்கே வந்துவிட்டார்கள்.

முதலில் மாமியார் நுழைந்தார். செருப்பைக் கழற்றும்போதே அவர் பார்வை அலமாரிக்குப் போனது. எல்லாம் இருந்த இடத்தில் இருப்பதைப் பார்த்துவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டார். முதல் பரீட்சை பாஸ் என்று மனைவி கண்ணால் சொன்னாள்.

பின்னாலேயே மாமனார் வந்தார். பையை வைத்தார், கண்ணாடியை மாட்டினார், அலமாரியைத் திறந்தார். குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஒரு விரலை நீட்டி விமானத்தின் மூக்கைத் தொட்டார்.

விரல் வெள்ளையாகத் திரும்பி வந்தது.

பிரேக் மாஸ்டரின் கால் தானாகத் தரையை அழுத்தி மிதித்தது. எதுவும் நிற்கவில்லை.

மாமனார் விரலை மடக்கிக்கொண்டார். சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். தொண்டையைக் கனைத்தார். அந்தக் கனைப்பைக் கேட்டதும் போச்சு, பழையபடி ஆகிவிட்டது என்று பிரேக் மாஸ்டர் அந்தச் சொல்லைக் கைகழுவிவிட்டார்.

"கொஞ்சம் மாடிக்கு வாங்க" என்றார் மாமனார்.

மொட்டை மாடியில் காயப்போட்ட துணிகளுக்கு நடுவே நின்று பிரேக் மாஸ்டர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். ஏணி, பசை, போனில் சொன்ன பொய், பெரிய பெட்டி, சின்னப் பெட்டி. மாமனார் கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பெட்டில மூக்கு கூரா இருந்திருக்குமே?"

"இருந்துச்சு, மாமா. அறுத்துட்டேன்."

"பின் சீட்டு?"

"உயரமா இருந்துச்சு. காலை வெட்டி இறக்கிட்டேன்."

மாமனார் கண்ணை மூடினார். பெரிய மூச்சொன்று அவரிடமிருந்து வந்தது. அது கோபமில்லை, நிம்மதி என்று புரிய பிரேக் மாஸ்டருக்குச் சற்று நேரம் பிடித்தது. அதற்குள் மாமனாரின் கை அவர் தோளில் விழுந்திருந்தது.

"நல்லவேளை, என் வயித்துல பால வார்த்தீங்க" என்றார் மாமனார் குரலைத் தாழ்த்தி. "நான் ஓட்டினது அந்த மொண்ணை மூக்கு விமானமே இல்ல, மாப்ள. நண்பர்கள் குடுத்த மாடல உங்க அத்தை எப்பவோ தூசி தட்டுறப்ப உடைச்சுட்டு, பயந்துபோய், கடையில கைக்குக் கிடைச்சத வாங்கி அதே பீடத்துல ஒட்டி வச்சுட்டா. எனக்குத் தெரியும்னு இன்னிக்கு வரைக்கும் அவளுக்குத் தெரியாது, நீங்களும் சொல்லிடாதீங்க."