கார்பனுக்கு நாலு கை

கெமிஸ்ட்ரி புத்தகம் எழுதுகிறவர்கள் ஒரே ஒரு தடவை சத்தியவேடு பக்கம் வந்து வேலன்ஸி அக்காவைப் பார்த்திருந்தால், புத்தகம் பாதியாக இளைத்திருக்கும். அக்காவின் நிஜப் பெயர் எங்கள் லேடீஸ் ஹாஸ்டல் ரிஜிஸ்டருக்கு மட்டுமே தெரியும்.

எனக்கும் அக்காவுக்கும் பக்கத்து ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில், ஒரே கம்பெனியில் பேக்கிங் வேலை. நான் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. அக்கா, கார்வேட்டிநகரத்தில் பத்தாவது சயன்ஸில் கோட்டை விட்டு, முப்பத்தைந்து வயதில் மறுபடி எழுதிப் பாஸானவர். கம்பெனியின் திருப்பதி யூனிட்டில் லேப் வேலை ஒன்று காலியானது. இருவருமே மனுப் போட்டோம்.

அக்காவுக்கு மனப்பாடம் ஆகாது. "எனுக்குப் புரியாம ஒரு வரி உள்ள போவாது" என்பார். ஓர் அணு எத்தனை பேரோடு சேரும் என்கிற வேலன்ஸியைக் கைகளாக எண்ணுவார்; பட்டப்பெயர் அப்படி வந்ததுதான். ஹைட்ரஜனுக்கு ஒரு கை, ஆக்ஸிஜனுக்கு இரண்டு, கார்பனுக்கு நாலு. யாரோடும் ஒட்டாத மாடி ரூம் சாரதாவுக்கு ஹீலியம் என்று பட்டம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கார்பன் செய்ய இரண்டு பெண்களை முதுகோடு முதுகாக நிறுத்தினார். சுற்றிலும் நாலு ஹைட்ரஜன்கள், ஆளுக்கு ஒரு கை இடுப்பில், மறு கை கார்பனின் பிடியில். அதில் நானும் ஒருத்தி. தெலுங்குக்கார வார்டன் வந்துவிட்டார்.

"ஏன்ட்டிம்மா இதி?"

"மீத்தேன் மேடம்" என்ற அக்கா எங்களை அதட்டினார். "கைய உடாதீங்கடி, கேஸ் லீக் ஆயிடும்!"

இன்டர்வியூவுக்கு எங்கள் இருவரையும் சேர்த்தே கூப்பிட்டார்கள்.

"தண்ணீரில் ஏன் இரண்டு ஹைட்ரஜன்?" என்றார் மேனேஜர்.

"ஹெச் டூ ஓ சார்" என்றேன்.

"அதான் ஏன்?"

அதே ஹெச் டூ ஓவை இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். அக்கா எழுந்தார். "சார், நீங்க ஆக்ஸிஜன். ரெண்டு கையும் நீட்டுங்க." அந்தப் பெரிய மனிதரும் நீட்டினார். ஒன்றை அக்கா பிடித்தார், இன்னொன்றை என்னைப் பிடிக்கவைத்தார். "இப்ப மூணாவது ஆள் வந்தா, புடிக்கக் கை கீதா சார்?" டீ கொண்டு வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

மேனேஜருக்கு ஒரே சந்தோஷம். "சூப்பர்ம்மா! கானி, டிகிரி காவாலி" என்றார். ஆனால் டிகிரி வேண்டுமாம். வேலை எனக்குக் கிடைத்தது.

வெட்கத்தில் நான் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. அவரோ என் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு திருப்பதி பஸ் ஏற்ற வந்தார். "இன்னாத்துக்கு அழுவுற? புரியலன்னா போன் பண்ணு."

முதல் மாதம் தினமும் பண்ணினேன். பாதி நாள் கெமிஸ்ட்ரிக்காக. மீதி நாளெல்லாம், அந்தக் குரலைக் கேட்காமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.