எதிராளி செய்த பிழை

சதுரங்கத்தில் எதிராளிக்கும் சொந்தப் புத்தி உண்டு என்பதை என் பத்தொன்பதாவது வயதில்தான் கண்டுபிடித்தேன். அதுவும் ஒரு மண்டபம் நிறைந்த ஆட்களுக்கு முன்னால்.

வவுனியாவில் மாவட்டப் பெண்கள் போட்டி. கடைசி ஆட்டத்தில் வென்றால் மாகாணப் போட்டிக்குப் போகலாம். நெடுங்கேணியிலிருந்து அப்பா என்னையும் தங்கை கலாவையும் கூட்டி வந்திருந்தார். எங்கள் வயலுக்கு வந்த நெல் வெட்டு மெசினைப் பக்கத்து வயல்காரருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு வந்த மனிதர் (அந்த மெசினுக்கு ஊரே காத்துக் கிடந்தது). தோற்றுவிட்டு அவர் முகத்தில் விழிக்க முடியாது.

என்னிடம் ஓர் ஆயுதம் இருந்தது. கைபேசியில் பார்த்துப் பாடமாக்கிய ஒரு தொடக்கம். பன்னிரண்டாவது நகர்த்தலில் எதிராளியின் ராணி காலி. இரண்டு மாதம் கலாவோடு பயிற்சி செய்தேன். அவள் எந்தக் காயை எங்கே வைக்க வேண்டும் என்பதையும் நான்தான் சொல்வேன். மாற்றி வைத்தால் தலையில் குட்டு. ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை (எப்படித் தோற்பது?).

எதிரில் புளியங்குளத்துக் கணக்கு ரீச்சர், நாற்பது வயதிருக்கும். நான் ராசாவுக்கு முன்னால் நின்ற சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினேன். அவரும் அப்படியே தள்ள வேண்டும். அவரோ வேறொரு சிப்பாயைத் தள்ளிவிட்டு ஆறுதலாகத் தண்ணீர் குடித்தார்.

என்னையறியாமல் என் கை உயர்ந்தது. நடுவர் வந்தார்.

“சேர், இவா பிழையா விளையாடுறா.”

“என்ன பிழை?”

“ராசாவுக்கு முன்னால நிக்கிறதையெல்லோ வைக்கோணும்.”

நடுவர் பலகையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “பிள்ளை, அதை அவாவெல்லோ முடிவெடுக்கோணும்.”

மண்டபமே சிரித்தது. வாசலில் நின்ற கலா எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள் (இரண்டு மாதக் குட்டல்லவா). வெட்கத்தில் வேறொன்றும் ஓடாமல், பாடமாக்கியதையே வரிசையாக வைத்துக்கொண்டு போனேன். பன்னிரண்டாவதில் ஒரு ராணி காலியானது உண்மைதான். அது என்னுடையது.

கை குலுக்கும்போது அழுகை வந்துவிட்டது. ரீச்சர் என் கையை விடவில்லை.

“அழாதேங்கோ தங்கச்சி. என்ர மனுசனும் நான் நினைக்கிற மாதிரி ஒண்டும் செய்யிறேல்லை. அதுக்கு நடுவரைக் கூப்பிட ஏலுமே?”

அன்றிலிருந்து அப்பா, நெல் காயப்போட்ட நேரம் மழை வந்தால் வானத்தைப் பார்த்துக் கையை உயர்த்துவார்.

இப்போது என் மகளுக்கு மூன்று வயது. குளிக்க வா என்றால் கோழிக்குப் பின்னால் ஓடுகிறாள். நேற்றும் அப்படித்தான். குட்டுவதற்கு நான் கையை ஓங்க, கலா குசினிக்குள் சமைத்தபடியே சொன்னாள்:

“அக்கா, கையை இறக்கு. அதை அவாவெல்லோ முடிவெடுக்கோணும்.”