காணாமல்போன பத்து டிகிரி

பெரிய கிளார்க்கு இராஜரத்தினம் ஓய்வு பெற்ற அன்று, தேநீர் விருந்தில் எழுந்து நின்று ஒன்று சொன்னார்: "முதலிலை புத்தகத்திலை ஏறினது எதுவோ, அதுதான் நடந்தது. அதுக்குப் பிறகு நடக்கிறது எல்லாம்..." எல்லாம் என்னவென்றார் என்பது மறந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துக் கேக் வந்தது. ஆனால் ஜாலான் புசார் குளிர்கிடங்கை நடத்துவதற்கு முதல் பாதியே தாராளமாகப் போதும் என்று பின்னால் தெரிந்தது.

அந்தக் கிடங்கு, பொதுமக்களின் இறைச்சி கெடாமலிருக்கும் பொருட்டு மேலிடத்தாரால் கருணை கூர்ந்து நிறுவப்பட்டது. சுவரெல்லாம் இரும்புக் குழாய்கள். பக்கத்து அறை இயந்திரம் அவற்றுக்குள் குளிர்ந்த உப்புநீரை ஓட்டும். இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டவன் ஒலி முகம்மது, நாகூர்க்காரன். அவனைப் பார்த்துக்கொண்டவர் இராஜரத்தினத்துக்குப் பின் வந்த பெரிய கிளார்க்கு ஏரம்பமூர்த்தி, யாழ்ப்பாணத்தார். அவருக்குக் கீழே நாங்கள் மூன்று கிளார்க்குகள்.

குழாய்களின்மேல் வெள்ளை படர ஆரம்பித்தது. முதலில் விரல் கனம், பிறகு சாண் கனம்.

"ஐயா, குழாய்ல பனி ஏறிப் போச்சு. சுரண்டணும்," என்றான் ஒலி முகம்மது.

"ஏன் காணும்? குளிர்கிடங்கிலை பனி இருக்கிறது குற்றமோ?"

"குழாய்க்கு அது கம்பளி மாதிரிங்க. குளிர் உள்ளேயே படுத்துக்கிடும். அறைக்கு வராது."

"கம்பளி சூடு தாறது. பனி குளிர் தாறது. இது பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கும் தெரியும்."

அந்த வாரம் மேலதிகாரியான துரை பார்வையிட வந்தார். பதினொரு வருஷமாக அவர் பனியைக் கண்டதில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு குழாயின் முன் வெகுநேரம் நின்றார். மறுநாள் சுற்றறிக்கை வந்தது: இக்கிடங்கில் குளிர்காலம் தொடங்கிவிட்டது, பனியை எவரும் தொடலாகாது, உத்தியோகஸ்தர்கள் கம்பளிக் கோட்டு அணிந்தே உள்ளே பிரவேசிக்க வேண்டும்.

குழாயில் தொங்கிய தெர்மாமீட்டரையும் பனி விழுங்கியிருந்தது. கண்ணாடிபோல் உறைந்த இடத்தின் வழியே எண் மட்டும் தெரியும். இருபது. தண்ணீர் முப்பத்திரண்டில் உறையும் என்றால், இருபது எத்தனை உயர்ந்த குளிர் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஏரம்பமூர்த்தி காலை இருபது, மதியம் இருபது, மாலை இருபது என்று எழுதினார். அறைக்குள் எங்களுக்குத் தொப்பலாக வியர்த்தது. இருபது டிகிரியில் மனிதனுக்கு வியர்க்காது என்பதால், எங்கள் முகத்தில் வழிந்தது மேற்கூரைக் கசிவு என்று பதிவாயிற்று. கூரையைப் பார்க்க ஒருவர் வந்தார். அவருக்கும் கசிந்தது.

கோட்டு வெளியிலும் பரவியது. கிடங்குப் பக்கமே வராதவர்கள்கூட, சித்திரை வெயிலில் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு சிராங்கூன் ரோட்டில் நடந்தார்கள். இருவர் மயங்கி விழுந்தார்கள். விழுந்தவர்களுக்கு மதிப்புக் கூடியது.

இறைச்சியிலும் அப்படியொரு நாகரிகம். காலையில் அறுத்ததை மதியம் தின்றால் பட்டிக்காட்டான். நாலு நாள் குளிரில் தொங்கியதைத் தின்றால் கனவான். ஒலி முகம்மதின் அக்காள் ருக்கையா தன் மகள் மைமூனைப் பினாங்கில் கொடுப்பதாக இருந்தாள். மாப்பிள்ளை வீட்டார் போட்டது ஒரே நிபந்தனை: விருந்துக்கு ஐஸ் இறைச்சி, இல்லாவிட்டால் வந்த கப்பலிலேயே திரும்பிவிடுவோம். கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை. புதன்கிழமை பன்னிரண்டு ஆடுகள் கிடங்கில் தொங்கின.

வியாழன் காலை ருக்கையா பார்க்க வந்தாள்.

"என்ன தம்பி, ஐஸ் வூட்டுக்குள்ள புழுங்குது?"

"மெதுவா, லாத்தா. இங்க புழுங்கக் கூடாதுன்னு உத்தரவு."

"கறி வேர்க்குதே."

"அதுக்கு உத்தரவு தெரியாது."

"ஞாயித்துக்கெழம வரைக்கும் தாங்குமா?"

"நாளைக்கே நாறும்."

"அப்ப எம்மவ கல்யாணம்? நீ மாமனா, மரக்கட்டையா?"

பன்னிரண்டு மணிக்கு ஏரம்பமூர்த்தி சாப்பிடப் போனார். ஒலி முகம்மது இயந்திரத்தை நிறுத்தினான். வெந்நீரை வாளி வாளியாக ஊற்றி, மரச்சுத்தியலால் தட்டினான். பனி பலகை பலகையாக விழுந்தது. அள்ளி வடிகாலில் கொட்டிவிட்டு மறுபடி இயந்திரத்தை ஓட்டினான். மாலைக்குள் அறை குளிர்ந்தது. ஆடுகள் கதவுப் பலகைபோல் விறைத்து நின்றன. தெர்மாமீட்டர் முப்பது காட்டியது.

வெள்ளிக்கிழமை காலை, சம்பவ இடத்திலேயே விசாரணை நடந்தது.

"நேற்றுக் காலை இருபது, இண்டைக்கு முப்பது. பத்து டிகிரி குளிர் எங்கை காணும்?"

"நேத்து அறை அறுபதுங்க, ஐயா. பனிக்குள்ள இருந்தது மட்டுந்தான் இருபது."

"அறுபது எண்டு எங்கை எழுதியிருக்கு?"

"எழுதலைங்க. வேர்த்துச்சு."

"வேர்வை சாட்சியாகாது. அந்தப் பனியை என்ன செய்தனீர்?"

"வடிகால்ல கொட்டினேன்."

"ஆக, அரசாங்கக் குளிரை வடிகாலிலை கொட்டினீர்." எங்களைப் பார்த்து, "எழுதுங்கோ," என்றார்.

வெப்பநிலை உயர்ந்துவிட்டதால் குளிர்காலம் முடிந்தது என்று அங்கேயே அறிவித்தார். கோட்டுகளைக் கழற்றிப் பருத்திச் சட்டையுடன் நின்றோம். பல் கிட்டியது. மைக்கூட்டில் மை கட்டியது. தீர்ப்பில் ஏரம்பமூர்த்தியின் கையெழுத்து பாம்பாக நெளிந்தது. மிகுந்த வெக்கையினால் என்று ஓரத்தில் குறித்துக்கொண்டார்.

தீர்ப்பு இதுதான்: பத்து டிகிரி குளிர் குறைந்த இடத்தில் இருந்த இறைச்சி சந்தேகத்துக்குரியது. தெர்மாமீட்டர் பழையபடி இருபது காட்டும்வரை ஒரு தொடைகூட வெளியே போகக்கூடாது.

சனிக்கிழமை காலை மாப்பிள்ளையின் தகப்பனார் சாகுல் ஹமீது கப்பலிலிருந்து கம்பளிக் கோட்டோடு இறங்கி, ருக்கையாவுடன் நேரே கிடங்குக்கு வந்தார். ஆட்டைத் தட்டிப் பார்த்தார், விரல் வலித்தது. மூக்கிலிருந்து புகை வந்தது. குழாயைப் பார்த்தார்.

"பனி எங்கே?"

"சுரண்டிட்டேன், மாமா. அதனாலதான் இவ்வளவு குளிரு," என்றான் ஒலி முகம்மது.

"குளிரை யாருப்பா கேட்டா? பனி தொங்குற கிடங்குன்னு பினாங்கு முழுக்கச் சொல்லிட்டு வந்திருக்கேன். சாயங்காலம் எங்க ஆளுங்க நாப்பது பேரு பார்க்க வர்றாங்க. வெறும் இரும்பைக் காட்டி அசிங்கப்படச் சொல்றியா?"

ருக்கையா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தம்பியைப் பார்த்தாள்.

"உனக்கு ஏன்டா இந்த வேலை? இருந்தது இருந்தபடி கெடந்திருக்கும்ல?"

அவர்கள் போனதும் ஒலி முகம்மது, நாலு வாளி சுண்ணாம்பு கரைத்துக் குழாய்களுக்குப் பனிபோலக் கெட்டியாக அடிப்பது என்றும், தெர்மாமீட்டரைச் சுற்றி ஐஸை வைத்துக் கட்டி, அது இருபது காட்டும்வரை அந்த ஐஸில் உப்புப் போடுவது என்றும் முடிவு செய்தான்.