நாலு ஸ்க்ரூ போட்டு இறுக்குகிறவர்

உங்கள் தெருவிலும் நிச்சயம் ஒருவர் இருப்பார். இந்த இனத்துக்கு நான் விளக்குநர் என்று பெயர் வைத்திருக்கிறேன். கரண்ட் போனால் ஏன் போனது என்று மின்துறைக்காரருக்கே விளக்குவார். பெரிய மார்க்கெட்டுக்குப் போனால் வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்த்து, மீன் விற்கும் அஞ்சலாட்சிக்கே மீனைப் பற்றிப் பாடம் நடத்தி, கடைசியில் இருப்பதிலேயே கெட்டுப்போன மீனை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார். ஒரே வார்த்தையில் சொல்கிறேன் என்றுதான் ஆரம்பிப்பார். அந்த ஒரு வார்த்தை முடிவதற்குள் நீங்கள் பிடிக்க வேண்டிய பஸ் போய்விடும். தெரியாது என்ற சொல்லை மட்டும் அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை.

எங்கள் புதுச்சேரி விளக்குநர் ஜானகிராமன். தட்டாஞ்சாவடியில் பிளாஸ்டிக் குடம் செய்யும் தொழிற்சாலையில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். யாராவது ஐயா என்பதற்குப் பதில் முசே என்று கூப்பிட்டால் குளிர்ந்துபோவார். அவருக்குத் தெரிந்த பிரெஞ்சும் அவ்வளவுதான். 2008இல் நிலாவுக்கு நம் விண்கலம் கிளம்பியதும் மனிதரைப் பிடிக்க முடியவில்லை. கடற்கரைச் சாலையில் காற்று வாங்க வந்தவர்களையெல்லாம் நிறுத்தி, வானத்தில் விண்கலம் எப்படித் திரும்புகிறது தெரியுமா என்று கேட்பார். பதில் சொல்ல விடுவாரா? பக்கவாட்டில் நெருப்பைக் கக்கித்தான் திரும்பும், வேறு வழியே கிடையாது என்று தீர்ப்பு வழங்கிவிட்டு அடுத்த ஆளைப் பிடிக்கப் போய்விடுவார்.

இதோடு நின்றிருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் இப்படிப்பட்டவர்களைத்தானே நம் ஊரில் தேடிப் பிடித்து நடுவராக உட்கார வைக்கிறார்கள்? அந்தத் தீபாவளி முடிந்து நடந்த பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு அவர்தான் தலைமை நடுவர். கூட இரண்டு கல்லூரி ஆசிரியர்கள். அவர் பேசப் பேசத் தலையாட்டுவது அவர்கள் வேலை. தலைமை ஆசிரியை அறையிலிருந்த சுழல்நாற்காலியை அவருக்கென்றே தூக்கி வந்து போட்டிருந்தார்கள். என் மகன் செய்த எரிமலையைப் பார்க்க நானும் போயிருந்தேன்.

அங்கேதான் கலைவாணியைப் பார்த்தேன். பதினோராம் வகுப்பு. மில் வேலை போனபின் சைக்கிள் கடை வைத்திருக்கும் இராமதாஸின் மகள். தேர்வாகும் ஒரே மாடல் பெங்களூர் கண்காட்சிக்குப் போகும், செய்தவரையும் கூட்டிப் போவார்கள் என்று அறிவித்திருந்தார்கள். திண்டிவனத்தைத் தாண்டாத அந்தப் பெண், தெருவே பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தபோது உள்ளே உட்கார்ந்து தன் மாடலைச் செய்திருந்தாள். ஓர் அட்டைப்பெட்டி நூலில் தொங்கியது. உள்ளே பேட்டரி, சின்ன மோட்டார், கனமான ஒரு சக்கரம். சக்கரம் ஒரு பக்கம் சுழன்றால் பெட்டி எதிர்ப்பக்கம் மெல்லத் திரும்பும். சக்கரம் நின்றால் பெட்டியும் நின்றுவிடும். விண்கலத்துக்குள்ளும் இதே மாதிரிச் சக்கரங்கள்தான் இருக்கின்றன. பிடித்துத் திரும்ப ஒரு சுவர்கூட இல்லாத வெளியில், எரிபொருளைச் செலவழிக்காமல், உள்ளே சக்கரத்தைச் சுழற்றியே அது வேண்டிய பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.

ஜானகிராமன் வந்து பார்த்தார். பெட்டி லேசாக ஆடியது. ஆடுகிற பொருளை விளக்குநரால் பொறுத்துக்கொள்ள முடியுமா?

"என்னம்மா இது, ஊஞ்சலாட்டம் தொங்குது? அடிப்படை ஸ்ட்ராங்கா இருக்க வேணாமா? நாலு ஸ்க்ரூ போட்டு மேசையில இறுக்கு."

"இறுக்குனா திரும்பாது சார். தொங்குனாதான்..."

அவர் கையமர்த்தினார். தம் தொழிற்சாலையில் ஆடிய எந்திரங்களையெல்லாம் எப்படி இறுக்கி வழிக்குக் கொண்டுவந்தார் என்று விளக்கினார். இரண்டு தலைகளும் ஆடின. பெட்டியை இறுக்கியாயிற்று. மோட்டாரைப் போட்டார்கள். உள்ளே சக்கரம் விர்ரென்று சுற்றியது. பெட்டி கல்லாக உட்கார்ந்திருந்தது. மேசையையும் சேர்த்துத் திருப்ப அந்தப் பொடி மோட்டாரால் ஆகுமா? வேலை செய்யவில்லை என்று திருப்தியாக அறிவித்துவிட்டு அவர் நாற்காலியில் போய்ச் சாய்ந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலை செய்யவிடாமல் செய்துவிட்டு வேலை செய்யவில்லை என்று சொல்ல என்ன துணிச்சல்!

கலைவாணியின் முகம் சுருங்கிப்போனது. ஆனால் அழவில்லை. மேசைக்கு அடியிலிருந்து அப்பா கடைச் சைக்கிள் சக்கரம் ஒன்றை எடுத்தாள். அச்சின் அடியில் ஒரு கைப்பிடி பொருத்தியிருந்தாள். அதை அவரிடம் நீட்டினாள்.

"சார், இதையாச்சும் நீங்களே சுத்திப் பாருங்க. படுக்க வெச்சிப் புடிச்சிக்குங்க, காலை மேல தூக்கிக்குங்க. உங்களுக்குத் தெரியாததா?"

கடைசி வார்த்தைக்கு மயங்காத விளக்குநர் இன்னும் பிறக்கவில்லை. காலைத் தூக்கிக்கொண்டு, ஒரு கையால் சக்கரத்தைப் பிடித்து, மறு கையால் வேகமாகச் சுழற்றிவிட்டார். சக்கரம் வலப்பக்கம் போக, நாற்காலி அவரையும் சுமந்துகொண்டு இடப்பக்கம் திரும்பியது. பயந்துபோய்ச் சக்கரத்தை இறுக்கிப் பிடித்தார். நாற்காலியும் அங்கேயே நின்றது. இப்போது அவர் முதுகு எங்களுக்கு, முகம் சுவருக்கு.

வேறு யாராக இருந்தாலும் காலை ஊன்றித் திரும்பியிருப்பார்கள். இவர் என்ன செய்தார் தெரியுமா? "ஒரே வார்த்தையில சொல்றேன்" என்று சுவருக்கு விளக்க ஆரம்பித்துவிட்டார். அவர் கண் தங்கள் மேல் இல்லை என்றதும் தலையாட்டி ஆசிரியர்கள் இருவருக்கும் மூளை வேலை செய்யத் தொடங்கியது. ஸ்க்ரூவைக் கழற்றி, பெட்டியைப் பழையபடி தொங்கவிடச் சொல்லி, அது திரும்புவதைப் பார்த்து, தங்களுக்குள் பேசி முடிவும் செய்துவிட்டார்கள். அவர் விளக்கி முடித்துத் திரும்பியபோது கலைவாணிக்குக் கைதட்டிக்கொண்டிருந்தோம். கைதட்டல் தமக்குத்தான் என்று நினைத்து அவர் கும்பிடு போட்டார்.

கலைவாணி பெங்களூர் போய் வந்தாள். ஜானகிராமன் திருந்தினாரா? கடற்கரையில் இப்போதும் ஆட்களை நிறுத்துகிறார். விண்கலம் சக்கரத்தால்தான் திரும்பும், வேறு வழியே கிடையாது என்கிறார். அந்தப் பெண்ணுக்கே தாம்தான் உட்கார்ந்து காட்டியதாகவும் சொல்கிறார். உட்கார்ந்து காட்டியதில் பொய் ஒன்றும் இல்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

இவ்வளவும் படித்த நீங்கள், விண்கலத்துக்கு ஒரு சக்கரம் எப்படிப் போதும், ஒவ்வொரு திசைக்கும் ஒன்றாகக் குறைந்தது மூன்று வேண்டுமே என்று பக்கத்தில் இருப்பவருக்கு விளக்க வாயைத் திறந்துவிட்டீர்களா? தாராளமாக விளக்குங்கள். அதற்கு முன்னால், எதிரே இருப்பது ஆளா சுவரா என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.