சுருண்டுகொண்ட நாவலாசிரியர்

ஒரு காட்டில், புலியும் மானும் ஒரே துறையில் தண்ணீர் குடிக்காத சாதாரணக் காட்டில்தான், அம்பலவாணன் என்றோர் அழுங்கு இருந்தது. உடம்பெல்லாம் செதில், பிழைப்பு எறும்பு தின்பது, பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்வது. அம்மாவின் வால்மேல் உட்கார்ந்து உலகம் பார்த்த ஒரு குட்டியைப் பற்றி அது நாவல் எழுதியிருந்தது. எழுதும்போதே அழுதது. இன்னும் ஒரே ஒருவர் படித்துவிட்டு அழுதால் போதும், பிறவிப் பயன் கிடைத்துவிடும் என்று நினைத்தது. பாவம், அதன் ஆசை அவ்வளவுதான்.

காட்டுக்கு ஒரே பதிப்பாளர் யானை. "முகவரோட வாங்க. தனியா வர்ற எழுத்தாளர்களை மிதிச்சுடுவேன். எனக்குப் பார்வை கொஞ்சம் மட்டு," என்றது.

எழுத்தாளருக்காகப் பதிப்பாளரிடம் பேரம் பேசும் முகவர் என்றால் உண்ணிக்கொக்குதான். எருமை முதுகில் சவாரி செய்துகொண்டே, எருமையை நான்தான் மேய்க்கிறேன் என்று நம்பும் பறவை. அழுங்கு அதன் பின்னால் நாயாய் அலைந்தது. ஒருவழியாகக் கொக்கு கழுத்தைத் திருப்பியது.

"சரி, கதையை ஒரே வரியில சொல்லுங்க. யார் வாங்குவாங்க? ஏன் வாங்கணும்? உங்களுக்கு ரசிகர் கூட்டம் இருக்கா?"

அழுங்குக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. நீள நாக்கு வேறு. அதன் குலம் என்ன செய்யுமோ அதையே செய்தது. சுருண்டுகொண்டது.

கொக்கு கூப்பிட்டுப் பார்த்தது, கொத்திப் பார்த்தது. "அடேயப்பா, எங்கிட்டயே பேசமாட்டேங்குறார்! இவ்வளவு திமிர் இருந்தா பெரிய எழுத்தாளராத்தான் இருக்கணும்," என்று அசந்துபோய், நாவல் கட்டை எருமை முதுகில் ஏற்றி, அந்தப் பந்தை யானையிடம் உருட்டிக்கொண்டு போனது.

யானை தும்பிக்கையால் புரட்டிப் பார்த்தது. விமர்சகரான புலி கடித்துப் பார்த்து ஒரு பல்லை இழந்தது. "வாசகனை லேசில் உள்ளே விடாத படைப்பு," என்று வாயைப் பொத்தியபடி தீர்ப்புச் சொன்னது. அதற்குமேல் யாருக்குச் சந்தேகம் வரும்? யானை கட்டைப் பிரித்துப் பார்க்காமலே நாவலை அச்சுக்கு அனுப்பியது. வெளியீட்டு விழாவில் பந்தின்மேல் பொன்னாடை மேல் பொன்னாடையாகப் போர்த்தினார்கள்.

அந்தக் கதகதப்பில் அழுங்குக்குப் பயம் தெளிந்தது. மெல்ல விரிந்து மைக்கைப் பிடித்தது.

"ஒரு குட்டிங்க. அம்மா வால்மேலயே உட்கார்ந்திருக்கும். ஒருநாள் அம்மா வழியில படுத்துட்டா. எந்திரிக்கவே இல்ல. குட்டி, 'போம்மா, போம்மா'ன்னு வாலைத் தட்டிக்கிட்டே இருக்கு..."

முன்வரிசையில் ஒரு முயல் கண்ணைத் துடைத்தது. அதைப் பார்த்ததும் அழுங்குக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

மற்றவர்களுக்கு முகம் கறுத்தது. "என்னங்க இது, புரியுது!" என்று புலி எழுந்தது. "புரியுற கதைக்கா நான் பல்லைக் கொடுத்தேன்?" யானை, அடுக்கியிருந்த பிரதிகளுக்கு மேல் காலைத் தூக்கியது. கொக்கு பறந்துவந்து அழுங்கின் காதருகே இறங்கியது.

"சார், சுருண்டுக்குங்க சார். புத்தகம் வேணுமா, வேணாமா?"

அழுங்கு முயலைப் பார்த்தது. யானையின் காலைப் பார்த்தது. பிறகு சுருண்டுகொண்டது. கைதட்டலில் காடே அதிர்ந்தது.

மீதியைப் படிக்கலாம் என்று முயல் ஒரு பிரதி கேட்டது. "இது படிக்கிற புத்தகம் இல்லம்மா, வீட்டுல வைக்கிற புத்தகம்," என்று கொக்கு அதை விரட்டிவிட்டது. அந்த வருடமே விருதும் வந்தது. பந்தின்மேல் வைத்துவிட்டுப் போனார்கள்.

பந்துக்குள்ளிருந்து விசும்பல் கேட்டது. அடுத்த நாவல் தயாராகிறது என்று கொக்கு அறிவித்தது.

நீதி: நல்ல கதை வைத்திருப்போர் நல்ல முகவரைத் தேடுக; கிடைத்ததும் அந்தக் கதையை யாரிடமும் சொல்லாதிருக்க.