இரண்டடி தள்ளி நிற்க வேண்டிய சுவர்

முதலில் 'டொம்' என்று ஒரு சத்தம். அடுத்து, "ஐயோ அம்மா!" கொத்தனார் ஓடிப்போய்ப் பார்த்தபோது, அரசு மருத்துவமனையில் கட்டி முடிக்கும் நிலையிலிருந்த பிரசவ அறைக்குள், உதவிப் பொறியாளர் சுவரில் முட்டிய நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் துறை வழங்கிய மாயக்கண்ணாடி.

இந்தக் கண்ணாடியைப் பற்றி உரிய மரியாதையோடு சொல்லவேண்டும். போட்டுக்கொண்டால் போதும், வரைபடத்தில் படுத்திருக்கும் கட்டடம் எழுந்து வந்து கண்முன் நிற்கும். எந்த இடத்தில் நிற்பது என்று அதற்குத் தெரிவதற்காக, அசையாத பொருள் ஒன்றில் கட்டம்போட்ட அட்டையை ஒட்டிவைக்கவேண்டும்.

"சுவரைத் தப்பான இடத்துல கட்டியிருக்கய்யா. இன்னும் ரெண்டடி தள்ளி இருக்கணும். இடி!" என்றார் பொறியாளர்.

கொத்தனார் சுவரைத் தடவிப் பார்த்தார். அவர் மகளுக்கு இது ஒன்பதாவது மாதம். திங்கட்கிழமை இந்த அறை திறந்தால் வீட்டுக்குப் பக்கத்திலேயே பிரசவம். இல்லாவிட்டால் அந்த வயிற்றோடு இரண்டு பஸ் மாறவேண்டும்.

"சார், நூல் பிடிச்சுக் கட்டின சுவர் இது. அட்டையை எதுல ஒட்டினீங்க?"

"வாசல்ல இருக்கே தண்ணி டிரம், அதுலதான். ஆடாது அசையாதுல்ல?"

"அன்னைக்கு நிறைஞ்சிருந்துச்சு சார். அப்புறம் காலியாச்சு. மணல் வண்டி திரும்பறதுக்காக நான்தான் ரெண்டடி நகத்தினேன்."

"நிலையான பொருள்னு ஃபைல்ல பதிவாயிருக்கு. பதிவான டிரம் நகராது."

"நகந்துச்சே சார்."

"அப்படின்னா பூமி நகந்திருக்கும்."

விவகாரம் மேலே போனது. மறுநாள் காலை பொறியாளரின் மேலதிகாரி வந்தார், கண்ணாடி போட்டார், நடந்தார், டொம். அவருக்கும் மேலே உள்ளவர் வந்தார், அவருக்கும் டொம். மூன்று நெற்றிகளும் ஒரே சுவரில் வீங்கியிருந்தபடியால், குற்றம் சுவருடையதே என்பது ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டது. 'மேற்படி சுவர் கண்ணாடிக்கு இணங்க உடனடியாக நகர்ந்தாகவேண்டும்' என்று ஆணை பிறந்தது. பிறப்பித்த களைப்பு தீர மூவரும் டீ குடிக்கப் போனார்கள்.

கொத்தனார் சுத்தியலைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். பிறகு அந்த மருத்துவமனை நர்ஸைக் கூப்பிட்டார்.

"சிஸ்டர், ஒரு கை பிடிங்க."

"பதிவான டிரம்னாங்களே அண்ணே?"

"பதிவை விட்டுட்டு டிரம்மை மட்டும் தள்ளுவோம்."

தள்ளினார்கள். சரியாக இரண்டடி, பழைய இடத்துக்கே.

டீ முடித்து வந்தவர்கள் கண்ணாடி போட்டார்கள். கையை முன்னால் நீட்டிக்கொண்டு நடந்தார்கள். கண்ணாடியில் தெரிந்த சுவரும் கல் சுவரும் இம்மி பிசகாமல் ஒன்றாக நின்றன.

"பாத்தியா? சொன்னா நடக்குதுல்ல?" என்றார் மூவரிலும் பெரிய அதிகாரி, கூடவந்தவரின் தோளைத் தட்டி.

அறைக்கு அங்கேயே அனுமதிக் கையெழுத்து விழுந்தது. கொத்தனாருக்கு மூச்சு வந்தது. மகளிடம் சொல்ல ஃபோனை எடுத்தவர் கையில் இன்னொரு காகிதத்தைத் திணித்தார்கள். 'இடிக்காமலும் விரிசலின்றியும் கூரை சமேதமாக, ஒரு டீ ஆறுவதற்குள் சுவரை நகர்த்திய அரிய தொழில்திறனுக்காகப் பாராட்டப்படுகிறார். சாலை விரிவாக்கத்துக்குக் குறுக்கே நிற்கும் தபால் நிலையத்தையும் இவரே நகர்த்தித் தருவார்.'

ஜீப் புறப்பட்ட பிறகு நர்ஸ் மெல்ல அருகில் வந்தார்.

"அண்ணே, எங்க வீட்டுச் சமையக்கட்டு ரொம்பக் குறுகல். அடுத்த வீட்டுப் பக்கமா ஒரு அடி தள்ளிக் குடுத்தீங்கன்னா..."

"என்ன சிஸ்டர் நீங்களும்! கூடவே நின்னு டிரம்மைத் தள்ளினது யாரு?"

"நான்தான். இல்லைங்கல. ஆனா ஆர்டர்ல சுவர்னுல்ல போட்டிருக்கு?"

கொத்தனார் தலையில் அடித்துக்கொண்டார். அந்த அம்மாள் போகும்வரை காத்திருந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, இடுப்பிலிருந்த டேப்பை உருவி, வாசலிலிருந்து சுவர்வரை அளந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு முறை அளந்தார்.

பிறகு கரண்டியைக் கழுவிக்கொண்டு, ஜன்னலுக்குக் கீழே மிச்சமிருந்த பூச்சைப் பூச உட்கார்ந்தார்.