ஒத்தக்காதும் மோப்ப ஞானியும்

நாயைப் பார்த்து மனிதர் வாங்கிய காலம் மலையேறிவிட்டது. இப்போது மனிதரைப் பார்த்து நாய் வாங்குகிறது. மரச்சாமான் கடைக்கு மேலே இருக்கும் மாடி ஹாலில் ஞாயிற்றுக்கிழமைதோறும் இந்த வியாபாரம்தான்.

பொழுது புலர்வதற்குள் படிக்கட்டு நிரம்பிவிடும். கீழே சோபா வாங்க வந்தவர்கள்கூட, மேலே என்ன கூட்டம் என்று ஏறிப் பார்த்துவிட்டு நாயோடு இறங்கினார்கள். அடுத்த வாரம் திரும்பவும் வந்து சோபாவையும் வாங்கினார்கள். பழைய சோபாவை நாய் தின்றுவிட்டது.

மேடையில் மோப்ப ஞானி உட்கார்ந்திருப்பார். எண்ணெய் போட்டு வாரிய தாடி, தேன் போட்டுக் குழைத்த குரல். அவர் கண்டுபிடித்த தத்துவம் ரொம்ப எளிமையானது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரே ஒரு நாய்தான் பொருத்தம். அந்த வீட்டில் போன பிறவியில் வாழ்ந்து, பாசம் தீராமல் போய்ச் சேர்ந்த ஒருவர்தான் இந்தப் பிறவியில் அந்த நாயாக அலைந்துகொண்டிருக்கிறார். எந்த நாய், எந்த வீடு என்பதை நாயே சொல்லிவிடும்.

எப்படிச் சொல்லும்? வீட்டுத் தலைவரை நாற்காலியில் உட்காரவைத்து, மூடி போட்ட டப்பாவிலிருந்து ஒரு சிவப்புக் கயிற்றை எடுத்து மணிக்கட்டில் கட்டுவார் ஞானி. பின் அறைக் கதவு திறக்கும். நாய் வரும். அத்தனை கூட்டத்தையும் ஒதுக்கிவிட்டு நேரே அந்த ஆளிடம் போய்க் கையை நக்கும். ஹாலே விம்மும். செத்துப்போன சித்தப்பாவை அடையாளம் கண்டு யாராவது குலுங்கி அழுவார்கள். சித்தப்பா வாலை ஆட்டுவார்.

வீட்டின் அளவு என்ன, பகலில் யார் இருப்பார்கள், குழந்தை நாயைக் கண்டால் அலறுமா என்று ஒருவரும் கேட்டதில்லை. சொந்தச் சித்தப்பாவிடம் போய் இதையெல்லாம் கேட்க முடியுமா?

தத்துவத்துக்கு இன்னொரு பாதியும் உண்டு. பொருந்தாத நாய் வீட்டில் இருந்தால், அதன் குறை வீட்டுக்காரர் உடம்பில் ஏறிவிடுமாம். நொண்டும் நாய் இருந்தால் மூட்டுவலி. சொறிநாய் இருந்தால் அரிப்பு. மூட்டுவலி இல்லாத வீடு எங்கே இருக்கிறது? எனவே ஞானியின் வாக்கு ஒருபோதும் பொய்த்ததில்லை.

இந்தப் பாதிதான் பட்டறைக்காரர் வீட்டுக்குள் நுழைந்தது. நுழையவிட்டவர் அவருடைய தங்கை, அவர் மகளுக்கு அத்தை. அடுத்த வீட்டிலேயே இருக்கும் அந்த அத்தைக்கு ஞானி போன மாதம் ஒரு நாயைப் பொருத்தியிருந்தார். கன்றுக்குட்டி உயரம். அது அத்தையின் காலஞ்சென்ற கணவராம்.

கணவர் உயிரோடு இருந்தபோது ஒரு டம்ளர் தண்ணீருக்கு மூன்று முறை குரல் கொடுக்க வேண்டும். இப்போது நாலுகால் கணவருக்கு அத்தை பாலை ஆற்றிக் கொடுத்தார். இரண்டே அறை உள்ள வீட்டில் அது திரும்பினால் மேசையில் இருக்கும் சாமான் எல்லாம் தரையில் இருக்கும். அத்தைக்கு அதுவும் அத்தாட்சிதான். போனில் பேசினால் குரைக்கிறதா? அவரும் அப்படித்தான் கத்துவார். கூப்பிட்டால் வரவில்லையா? அவரும் வந்ததில்லை.

பட்டறைக்காரர் தகரப் பட்டறையில் சுத்தியல் சத்தத்துக்கு நடுவிலேயே வயதைக் கழித்தவர். காது அங்கேயே போய்விட்டது. இடி இடித்தால் “யாரோ கூப்பிடறாங்களா?” என்று கேட்பார். அவர் மகள் கூரியர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். பெட்டிமேல் எழுதியிருப்பதை நம்பாமல் தூக்கி எடைபோட்டுப் பார்ப்பது அவள் பிழைப்பு. அது மெல்ல மெல்லக் குணமாகவும் ஆகிவிட்டது என்று அம்மா குறைப்பட்டுக்கொள்வாள்.

அந்த வீட்டு நாய்க்கு ஒரு காதுதான். குட்டியாக இருந்தபோதே தெருச் சண்டையில் மற்றதைப் பறிகொடுத்துவிட்டு, பட்டறை வாசலில் இருந்து அப்பாவின் பின்னாலேயே வந்து சேர்ந்தது. ஒத்தக்காது என்று கூப்பிட்டார்கள். அழைப்பு மணி அடித்தால் ஓடிவந்து அப்பாவின் முழங்காலை மூக்கால் இடிக்கும். அடுப்பில் குக்கர் கத்தினால் கால்சட்டையைப் பிடித்து இழுக்கும். தெருவில் பின்னால் வண்டி வந்தால் குறுக்கே நின்று அவரை ஓரமாகத் தள்ளும். யாரும் கற்றுக் கொடுக்கவில்லை. அந்த வீட்டில் அப்பாவின் காது நாலு காலில் நடந்துகொண்டிருந்தது.

ஞானி அத்தையிடம் குடும்பக் கதையை ஒன்றுவிடாமல் விசாரித்துக்கொண்டார். பிறகு அம்மாவை அழைத்துக் கண்ணை மூடித் தீர்ப்புச் சொன்னார். வீட்டில் காது அறுந்த நாய் இருக்கிறது. அதனால்தான் வீட்டுக்காரர் காது போய்விட்டது. அதை அனுப்பிவிட்டுப் பொருத்தமான நாயைக் கொண்டுவந்தால் அடைத்த காது திறக்கும். பழைய நாயைப் பற்றிக் கவலை வேண்டாம். ஞாயிற்றுக்கிழமையே தன் மச்சினனின் கூண்டு வண்டியில் ஏற்றிவிட்டால், திரும்பிவர முடியாத தூரத்தில் விட்டுவிடுவான்.

மகளுக்குச் சுருக்கென்றது.

“அம்மா, அப்பாவுக்குக் காது போன பிறகுதானே இந்த நாயே வந்துச்சு?”

“அது வரப்போறது காதுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கலாம்ல.”

இதற்கு எந்தப் பல்கலைக்கழகத்திலும் பதில் கிடையாது. மகள் கத்தினாள். காது டாக்டரிடம் போவோம், மெஷின் மாட்டுவோம் என்று வருஷக்கணக்காகச் சொல்கிறேனே என்றாள். மெஷினை மாட்டினால் கிழவர் என்பார்கள் என்று அம்மா பழைய பாட்டையே பாடினாள். நாய் மாற்றினால் மட்டும் குமரர் என்பார்களா என்று மகள் கேட்டாள். அம்மா வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்:

“நான் கூப்பிட்டா ஒரு தடவை அவரு திரும்பிப் பாக்கணும்டி. முதுகுகிட்ட பேசிப் பேசி அலுத்துப்போச்சு.”

அம்மாமேல் இருந்த கோபம் மொத்தமும் மாடி ஹால் பக்கம் திரும்பியது.

அந்த வாரம் அத்தை காப்பிப் பொடி இரவல் வாங்க வந்தார். மணிக்கட்டில் சிவப்புக் கயிறு. ஒத்தக்காதுக்கும் அத்தைக்கும் எப்போதுமே ஆகாது. அவர் வந்தால் அது எழுந்து வேறு அறைக்குப் போய்விடும். அன்றைக்கு ஓடிவந்து அவர் கையை நக்கு நக்கென்று நக்கியது. பிரியப்போகிற நேரத்தில் அதற்கும் பாசம் வந்துவிட்டது என்று அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார். கை கழுவுவதற்காகக் கயிற்றைக் கழற்றி ஜன்னல் கம்பியில் மாட்டினார். ஒத்தக்காது அத்தையை விட்டுவிட்டு ஜன்னலுக்குக் கீழே போய் உட்கார்ந்தது. வெளியே தெருவில், அதே ஜன்னலுக்குக் கீழே, அத்தையின் கணவரும் வந்து உட்கார்ந்திருந்தார். இரண்டும் அண்ணாந்து கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தன.

மகள் நாய்களையும் பார்த்தாள், கயிற்றையும் பார்த்தாள். அத்தைக்குக் காப்பிப் பொடியைத் தாராளமாகவே அள்ளிக் கொடுத்தாள்.

ஞாயிறு வந்தது. ஹால் பிதுங்கியது. அப்பாவைக் காது டாக்டரிடம் என்று சொல்லிக் கூட்டிவந்திருந்தார்கள். இத்தனை நோயாளிகளா என்று அவர் மலைத்துப் போயிருந்தார். ஒத்தக்காது கீழே வாசலில், கூண்டு வண்டிக்குப் பக்கத்தில் கட்டப்பட்டிருந்தது.

ஞானி கண்ணை மூடினார். பின் அறையில் காத்திருப்பது இந்த அம்மாவின் அண்ணன் என்று மைக்கில் அறிவித்தார். இளம் வயதில் போனவர், தங்கைமேல் உயிரையே வைத்திருந்தவர், இப்போது தங்கை புருஷனுக்குக் காது கொடுக்க வந்திருக்கிறார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஞானி டப்பாவைத் திறந்து கயிற்றை எடுத்தார்.

மகள் எழுந்து நின்றாள்.

“ஐயா, ஒரு சின்ன சந்தேகம். அந்தக் கயிறு எதுக்கு?”

“அது வெறும் அடையாளம்மா. கூட்டத்துக்குத் தெரியறதுக்காக. நாய் பாக்கறது கயிறை இல்ல, மனசை.”

“அப்ப கயிறு இல்லாட்டியும் மாமா எங்க அப்பாகிட்டதான் வருவாரு?”

“கண்ணைக் கட்டி விட்டாலும் வருவாரு.”

மைக் வழியாக ஹால் முழுக்கக் கேட்டது. மகள் மேடைக்கு ஏறி, கைநீட்டிக் கயிற்றை வாங்கிக்கொண்டாள். கொடுக்காமல் இருக்க ஞானிக்குக் காரணம் கிடைக்கவில்லை. இப்போதுதானே அது வெறும் அடையாளம் என்றார்.

“அம்மா, இதை நீயே கொண்டுபோய் வேற எங்கயாவது கட்டு. மாமா அப்பாகிட்ட வந்துட்டா, ஒத்தக்காதை என் கையாலயே வண்டியில ஏத்துறேன். இவ்வளவு பேர் முன்னாடி சொல்றேன்.”

ஞானிக்குத் திடீரென்று நேரத்தின் அருமை தெரிந்தது. மற்ற குடும்பங்கள் காத்திருக்கின்றன என்றார். மற்ற குடும்பங்களோ, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திருக்கிறோம் என்று நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டன. வேடிக்கை என்று வந்துவிட்டால் பக்தியெல்லாம் பொறுமையாகிவிடும்.

அம்மா கயிற்றைப் பார்த்தாள். ஜன்னல் வழியாக, கீழே வாசலில் கட்டியிருந்த நாயைப் பார்த்தாள். அண்ணன்மேல் அவளுக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. ஒரு கயிற்றைப் பார்த்தா வருவார் அவர்? விறுவிறுவென்று ஹால் மூலைக்குப் போனாள். அங்கே சுவரில் ஒரு துடைப்பம் சாய்ந்திருந்தது. அதன் இடுப்பில் கயிற்றைக் கட்டிவிட்டு வந்து கணவர் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

கதவு திறந்தது. தவிட்டு நிறத்தில் ஒரு பெரிய நாய் வந்தது. மூக்கைத் தூக்கியது. அப்பாவைத் தாண்டியது. உயிரையே வைத்திருந்த தங்கையைத் தாண்டியது. நேரே மூலைக்குப் போய், துடைப்பத்தைக் கீழே சாய்த்து, இரண்டு முன்னங்கால்களாலும் அணைத்துக்கொண்டு நக்கத் தொடங்கியது. அந்த அன்பைப் பார்த்தால் கல்லும் கரையும்.

காது கேளாதவர்களுக்குத் தங்கள் குரல் எவ்வளவு உயரம் என்று தெரியாது. அப்பா கேட்டது கீழே மரச்சாமான் கடை வரைக்கும் கேட்டது.

“அது ஏன் தொடப்பத்தை நக்குது?”

ஞானி லேசுப்பட்டவர் இல்லை. ஒரு நொடியில் சுதாரித்துக்கொண்டார். அண்ணன் போன பிறவியில் ரொம்பச் சுத்தமானவராக இருந்திருப்பார், அதனால் துடைப்பத்தின்மேல் ஒரு பற்று என்றார். நம்ப மாட்டீர்கள், நாலைந்து பேர் தலையாட்டினார்கள். துடைப்பத்தையும் சேர்த்து வீட்டுக்குக் கொண்டுபோனால் பொருத்தம் முழுமையாகுமா என்று ஒருவர் நிஜமாகவே கேட்டார்.

அம்மா தலையாட்டவில்லை. மூலைக்குப் போய் நாயின் வாயிலிருந்து கயிற்றைப் பிடுங்கினாள். மூக்கருகே கொண்டுபோனாள். இன்னொரு தரம் முகர்ந்தாள்.

“ஈரல்,” என்றாள். “ஈரல் அவிச்ச தண்ணியில ஊறப்போட்டுக் காயவெச்சிருக்கு. எத்தனை வருஷமா ஆக்குறேன், எனக்குத் தெரியாதா?”

பிறகு மேடைப் பக்கம் திரும்பினாள். குரல் உயரவில்லை.

“எங்க அண்ணன் ஈரலைக் கையாலகூடத் தொட்டதில்லைங்க.”

டப்பா கூட்டத்துக்குள் கைமாறியது. ஒவ்வொருவரும் வாங்கி முகர்ந்தார்கள். போன வாரமும் அதற்கு முந்தின வாரமும் பொருத்தம் பார்த்துக்கொண்டவர்கள் தங்கள் கையில் இருந்த கயிற்றையும் முகர்ந்து பார்த்தார்கள். சிலர் சந்தேகத்துக்குப் பக்கத்து ஆளின் கயிற்றையும். அன்றைக்குத்தான் அந்த ஹாலில் மனிதர்கள் மோப்பம் பிடித்தார்கள்.

ஞானி பின் அறை வழியாக நழுவப் பார்த்தார். அவசரத்தில் நாய்களை அடைத்திருந்த எல்லாக் கதவும் திறந்துகொண்டன. தினமும் ஈரல் தண்ணீரில் அளைந்த கை யாருடையது என்று நாய்களுக்குச் சொல்லவா வேண்டும்? ஊராருடைய சித்தப்பா, பெரியம்மா, மாமனார் அத்தனை பேரும் அவர் பின்னாலேயே படியிறங்கினார்கள். மச்சினன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போயே போய்விட்டான். மரச்சாமான் கடைக்காரர் ஞானியைப் பிடித்துப் புதுச் சோபாவில் உட்காரவைத்தார். எழுந்து ஓட வழியில்லாமல் இரண்டு நாய்கள் மடியில் ஏறிப் படுத்துக்கொண்டன. போன பிறவி தெரியாது. இந்தப் பிறவியில் அவருக்கும் அவற்றுக்கும் பொருத்தம் பிரமாதமாகவே இருந்தது.

அத்தை, கூடவே கூட்டிவந்திருந்த தன் கன்றுக்குட்டி நாயை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப இது அவரு இல்லையா?”

இல்லை என்றாள் மகள். அத்தை யோசித்தார். முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு நிம்மதி படர்ந்தது.

“சரி விடு. அப்ப இனிமே நான் சொன்னா கேக்கும்.”

ஒத்தக்காதை அம்மாவே அவிழ்த்தாள். நாளைக்கு எத்தனை மணிக்கு டாக்டர் வருவார் என்று மகளிடம் கேட்டாள். இந்த முறை நிஜக் காது டாக்டர். மெஷினை மாட்டினால் கிழவர் என்று சொல்கிறவர்கள் வந்து சொல்லட்டும், அதையும் அவர் காதாலேயே கேட்டுக்கொள்ளட்டும் என்றாள்.

அதற்குள் கூட்டம் மகளைச் சுற்றிக்கொண்டது. அப்படியானால் எங்கள் வீட்டுக்கு எந்த நாய்தான் பொருத்தம், நீயே சொல்லிவிடு என்றது. ஒரு சாமி இறங்கியதும் இன்னொரு சாமியை ஏற்றிவிடத் துடிக்கும் கூட்டம். மகள், வீடு எவ்வளவு பெரிது, பகலில் யார் இருப்பீர்கள், காலையும் மாலையும் யார் வெளியே கூட்டிப் போவது, அது அசிங்கம் பண்ணினால் யார் அள்ளுவது என்று கேட்டாள். கேட்கக் கேட்கக் கூட்டத்தின் முகம் வாடியது. இவ்வளவுதானா என்றார் ஒருவர். இதிலே அதிசயமே இல்லையே என்றார் இன்னொருவர். அள்ளுவது யார் என்ற கேள்வியில் ஒரு கணவனும் மனைவியும் அங்கேயே சண்டை பிடிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

சித்தப்பா நாய் ஒன்றை ஏற்கெனவே வீட்டில் கட்டிவைத்திருக்கும் பெரியவர் ஒருவருக்கு மட்டும் ஆத்திரம் அடங்கவில்லை. இவ்வளவு தெரிந்தவள் இதை முன்னாலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று அவள்மேலேயே பாய்ந்தார்.

“சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா? நாய் வந்து சொன்னாத்தானே உங்களுக்கு நம்பிக்கை,” என்றாள் மகள். “மோப்பம் பிடிக்கற வேலையை அது பாத்துக்கும், பெரியவரே. யோசிக்கற வேலையையும் அதுங்க தலையிலயே கட்டாதீங்க.”